கப்பி கட்டும் முன்



போர்வெல் மோட்டார் ஓடாமல் நின்றுபோனால், கரண்டுப் பக்கத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? இன்றைய பேச்சின் பொருள் இதுதான். இதைக் கேட்க மண்டபம் நிறையும் என்று அழைத்தவர்களே நினைக்கவில்லையாம். எனக்கு வியப்பில்லை. எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிற கொங்கு நாட்டில் இதைவிட அவசரமான பேச்சு வேறு என்ன இருக்கிறது?

காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். காலையில் மும்முனைக் கரண்ட் வருகிறது. பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள். பேனல் பெட்டிக்குள் “டக்” என்று ஒரு சத்தம், கொஞ்சம் உறுமல், மறுபடியும் “டக்”. அவ்வளவுதான். மெக்கானிக்குக்கு போன் போகிறது. “ஏந் தம்பி, காயில் போயிருக்குமா?” “தூக்கிப் பாத்தாத்தானுங்ணா தெரியும்!” தீர்ப்பு முடிந்தது. மூன்று கால் நட்டுக் கப்பி கட்டியாகிவிட்டது. இருபதடிக் குழாய்கள், எண்ணூறு அடிக்கு நாற்பது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் கேபிள் கட்டை அறுக்க வேண்டும். பொழுது சாய்கிற நேரத்துக்கு மோட்டார் மேலே வருகிறது. தரையில் கிடத்தி ஒரே ஒரு நொடி கரண்ட் கொடுத்தால், என்ன ஆகிறது? சுற்றுகிறது! ஜம்மென்று சுற்றுகிறது!

கோளாறு எங்கே இருந்தது? பேனல் பெட்டியில், மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கிற கான்டாக்டரின் சிறிய காயிலில். ஆள் கூலியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது அதன் விலை. கதை இதோடு முடிந்தாலாவது பரவாயில்லை. திரும்ப இறக்கும்போது கேபிள் கேசிங் விளிம்பில் உரசித் தோல் கிழிகிறது. நல்லாயிருந்த மோட்டாருக்கு இப்போது நிஜமாகவே எர்த் ஃபால்ட் வந்து சேர்கிறது. பத்தாம் நாள் மறுபடியும் கப்பி!

வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டா வைத்தியர் நோய் சொல்கிறார்? கீழே கிடக்கிற மோட்டாருக்கும் மேலே நிற்கிற நமக்கும் நடுவில் மூன்று செம்புக் கம்பிகள் இருக்கின்றன. அந்த மோட்டாருக்கு நேர்வதெல்லாம் அந்தக் கம்பிகள் வழியாக மேலே தெரிந்தே தீரும். ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: கப்பி கட்டும் முன் மீட்டரை எடுங்கள்!

மோட்டார் ஏன் கீழே போனது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற பம்பு, ஏட்டுக் கணக்குப்படியே முப்பத்துநாலு அடிக்குக் கீழிருந்து தண்ணீரை இழுக்க முடியாது. நடைமுறையில் இருபத்தைந்து அடியிலேயே திணறும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் உறிஞ்சக்கூடாது, கீழிருந்து தள்ள வேண்டும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் மோட்டாரை உருவாக்கி நிலைநாட்டியவர் ஆர்மாய்ஸ் அருட்யூனாஃப், டிஃப்லிஸ் நகரத்தில் பிறந்த ஆர்மீனியர். அவருடைய ரெடா கம்பெனி 1930இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் தொடங்கியது. அது எண்ணெய்க் கிணறுகளுக்காக. நம் பக்கம் பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து கோவையிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். அந்த வழியில் வந்த ஊர் இது. பீளமேட்டிலும் கணபதியிலும் பம்பு செய்யத் தெரிந்த நமக்கு, பம்பைச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, வேலைக்கு வருவோம். மோட்டார் ஓடவில்லை. முதலில் எங்கே பார்ப்பீர்கள்? மோட்டாரையா? பேனலையா? இரண்டும் வேண்டாம். கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்! சிரிக்காதீர்கள். மூன்று ஃபேஸும் வருகிறதா, மூன்றும் முழுசாக வருகிறதா என்று கேட்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரில் மேல்பக்கம், அதாவது உயர் அழுத்தப் பக்கம், இருக்கிற எச்.ஜி. ஃபியூஸ் ஒன்று போய்விட்டால் என்ன ஆகும் தெரியுமா? கீழே ஒரு ஃபேஸ் சரியாக இருக்கும். மற்ற இரண்டும் பாதி வோல்டேஜுக்கு இறங்கிவிடும். மெயின் போர்டில் மூன்று பல்பு போட்டிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள்: ஒன்று பளிச்சென்று எரியும், இரண்டு அழுதுகொண்டே எரியும். மீட்டர் வைத்தால் இரண்டு ஜோடிகளுக்கு நடுவே 350க்குச் சற்று மேலே காட்டும், மூன்றாவது ஜோடியில் ஒன்றுமே இருக்காது. கீழ்ப்பக்க ஃபியூஸ் போயிருந்தால் நிலைமை வேறு. அந்த ஃபேஸில் பல்பே எரியாது. இதைப் பார்க்காமல் கப்பி கட்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

பல்பு என்றதும் ஒரு வார்த்தை. 415 வோல்ட் ஓடுகிற இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஒற்றை பல்பு டெஸ்ட் லேம்பை வைக்காதீர்கள். வெடித்து முகத்தில் தெறிக்கும். இரண்டு பல்புகளைத் தொடராகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஏமாற்று வித்தை இருக்கிறது. கெட்டிக்கார வயர்மேன்களே இதில் ஏமாந்துபோவார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபேஸ் அறுந்தால், மோட்டார் உடனே நிற்பதில்லை. மீதி இரண்டு ஃபேஸில் முக்கி முனகி ஓடும். அப்படி ஓடும்போது, அறுந்துபோன மூன்றாவது முனையிலும் மோட்டாரே வோல்டேஜ் உண்டாக்கிக் கொடுக்கும். ஸ்டார்ட்டரின் வெளிமுனையில் மீட்டரை வைத்தால் மூன்றும் ஏறக்குறைய சரியாகத்தான் காட்டும்! “வோல்டேஜ் பக்காவா இருக்குதுங்ணா, மோட்டார்லதான் கோளாறு” என்று சொல்லிவிடுவார்கள். ஓடுகிற மோட்டாரில் வோல்டேஜை நம்பாதீர்கள். ஆம்பியர் அளக்கிற டங் டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகக் கவ்விப் பாருங்கள். ஒன்றில் சுழி, மற்ற இரண்டில் வழக்கத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு என்று ஆம்பியர் உண்மையைச் சொல்லிவிடும். நிறுத்திவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினால் கிளம்பாது, உறுமும். அந்த உறுமலில்தான் காயில் வேகிறது.

இதைத் தடுக்கத்தானே ஐயா பேனலில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறான்? அதற்கு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்று பெயர். அதை நாம் என்ன செய்கிறோம்? “அடிக்கடி டிரிப் ஆகுது, தொல்லை” என்று ஒரு துண்டுக் கம்பி போட்டுக் குறுக்கே கட்டிவிடுகிறோம்! எத்தனை தோட்டத்தில் அந்தத் துண்டுக் கம்பி இருக்கிறது? கை தூக்கச் சொன்னால் மண்டபத்தில் பாதிக் கை உயரும்.

ஏன் இப்படிச் செய்தோம் என்பதும் எனக்குத் தெரியும். விவசாயிக்குக் கட்டணமில்லாக் கரண்ட் 1990இல் வந்தது; ஆனால் மும்முனைக் கரண்ட் நாள் முழுக்க வரவில்லை. பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று முறை வைத்து வந்தது. மீதி நேரத்தில் இரண்டு ஃபேஸ். வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டு எந்தக் குடியானவன் சும்மா இருப்பான்? கண்டென்சர் பெட்டி வாங்கி மாட்டி, இரண்டு ஃபேஸிலேயே மோட்டாரை ஓட்டினான். அவன்மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்டென்சர் கொடுக்கிற மூன்றாவது ஃபேஸ் உண்மையான ஃபேஸுக்கு ஈடாகாது. காயில் சூடாவது சூடாவதுதான். நீர்மூழ்கி மோட்டாரின் காயில் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை. சாதாரண பி.வி.சி. உறை எழுபது டிகிரி வரைதான் தாங்கும். மேலே இருக்கிற மோட்டார் சூடேறினால் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். கீழே கிடப்பதை யார் தொட்டுப் பார்ப்பது? அந்தத் தொடுகைக்குப் பதிலாகத்தான் பிரிவென்டரும் ஓவர்லோட் ரிலேயும் இருக்கின்றன. கண்டென்சர் மாட்டி ஓட்டுகிறவர், மும்முனை வந்ததும் பிரிவென்டரை மறுபடியும் வேலைக்குக் கொண்டு வருகிறாரா? அங்கேதான் தவறுகிறது.

அடுத்து, பேனல் பெட்டி. கரண்டை நிறுத்திவிட்டுத் திறந்து, முதலில் மூக்கால் பாருங்கள். கருகிய வாடை அடிக்கிறதா? எந்த லக்கின் அடியில் கம்பி உறை பழுப்பாகி வெடித்திருக்கிறது? அந்தத் திருகு லூஸ். திருகு லூஸானால் அங்கே சூடு, சூடானால் இன்னும் லூஸ். கான்டாக்டரைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். வெள்ளி முனை மூன்றும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் குழி விழுந்து கறுத்திருந்தால் அந்த ஃபேஸ் சரியாகப் போய்ச் சேரவில்லை. கான்டாக்டர் கொர்ரென்று இரைந்தால், காந்த இரும்பின் நடுவே ஏதோ மாட்டியிருக்கிறது. என்ன மாட்டியிருக்கும்? பல்லி! தோட்டத்துப் பேனலில் பல்லியும் எறும்பும் போல மோட்டாரைக் கெடுத்தவர்கள் வேறு யாருமில்லை. இரவில் பேனல் பல்புக்கு வருகிற பூச்சியைத் தேடிப் பல்லி உள்ளே போகிறது. காலையில் கான்டாக்டர் அடிக்கும்போது நடுவில் நசுங்குகிறது. முனைகள் முழுசாகச் சேராமல் பொறி பறக்கிறது. கேபிள் நுழைகிற ஓட்டையை ஒரு ரப்பர் கிளாண்டு போட்டு அடைத்தால் தீர்ந்தது. செய்கிறோமா?

ஓவர்லோட் ரிலேயில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. அதை எந்த ஆம்பியரில் வைக்க வேண்டும் என்று மோட்டார் தகட்டில் எழுதியிருக்கிறது. ரிலே டிரிப் ஆனால் “ஏன் டிரிப் ஆகிறது?” என்று கேட்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? திருகைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம். மறுபடி டிரிப் ஆகிறது. இன்னும் கூட்டுகிறோம். மூன்றாம் முறை ரிலே வாயை மூடிக்கொள்கிறது, காயில் பேசுகிறது.

கேபிளைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், காது கொடுங்கள். 5 எச்.பி. மோட்டார், சுமார் ஒன்பது ஆம்பியர். ஆயிரம் அடி ஆழம். விலை குறைவு என்று 2.5 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போட்டால், மேலிருந்து கீழே போவதற்குள் முப்பது வோல்ட் அளவுக்கு வழியிலேயே கரைந்துவிடும். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் பன்னிரண்டு வோல்ட்தான் போகும். மேலே 415 இருக்கும் நாளில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் காலையில், மேலேயே 360 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 330! வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டி வாங்கும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இன்னும் இழப்பு. ஒவ்வொரு கோடையிலும் காயில் கட்டுகிற பட்டறைகளில் மோட்டார் குவிகிறதே, அதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி டங் டெஸ்டர். இந்தக் கருவியை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்! மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை அல்லது குறைவாக வருகிறது என்றால், ஆம்பியரைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவா? போரில் தண்ணீர் கீழே போய்விட்டது, அல்லது பம்பு ஷாஃப்ட் அறுந்து மோட்டார் வெறுமனே சுற்றுகிறது. தண்ணீர் வற்றினால் ஆம்பியர் கூடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூடாது, குறையும்! சுமை இல்லையே! ஓவர்லோட் ரிலேக்கு இது தெரியாது. அதனால்தான் டிரை ரன் பிரிவென்டர் என்று தனியாக வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஓடினால்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி. ஓடாத தண்ணீருக்குள் மோட்டார் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும்.

வழக்கத்தைவிட அதிகமா? வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், மணல் ஏறி இம்பெல்லர் இறுகியிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் தண்ணீர் பாதியாகிவிட்டதா? ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால்தான் சந்தேகமே வராது. பேனலில் ஏதாவது இரண்டு கம்பிகளை இடம் மாற்றுங்கள். அதற்கா கப்பி?

மூன்றிலும் ஆம்பியர் ஒன்றுபோல் இல்லையா? இந்த இடத்தில் பட்டறைத் தம்பிகள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். சிவப்பில் 8.4, மஞ்சளில் 8.6, நீலத்தில் 10 என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்பது. அதிலிருந்து மிகவும் விலகியது நீலம், ஓர் ஆம்பியர். ஒன்பதுக்கு ஒன்று என்றால் நூற்றுக்குப் பதினொன்று. ஐந்துக்கு மேலே போனாலே யோசிக்க வேண்டும். யோசித்து? குற்றவாளி கரண்டா, மோட்டாரா? எண்ணூறு அடிக்குக் கீழே இருப்பதை எடுக்காமல் எப்படித் தீர்ப்பது?

மிக எளிது! கரண்டை நிறுத்துங்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் ஒரு இடம் நகர்த்துங்கள்: முதலாவதை இரண்டாவது முனைக்கு, இரண்டாவதை மூன்றாவதுக்கு, மூன்றாவதை முதலாவதுக்கு. மூன்றையும் சேர்த்து நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. ஓட்டிப் பாருங்கள். கூடுதல் ஆம்பியர் அதே ஸ்டார்ட்டர் முனையிலேயே நிற்கிறதா? கோளாறு கரண்டில், அல்லது ஸ்டார்ட்டரில். மோட்டார் கம்பியோடு சேர்ந்து நகர்ந்து போகிறதா? கோளாறு கேபிளிலோ காயிலிலோ. ஒரு ஸ்பேனர், ஒரு டங் டெஸ்டர், கால் மணி நேரம். இதைச் செய்யாத மெக்கானிக் “தூக்கணும்” என்று சொன்னால், தோட்டத்துக்காரர் “முதல்ல கம்பியை நகர்த்திப் பாருங்க தம்பி” என்று சொல்லலாம். சொல்ல வேண்டும்!

கோளாறு கீழேதான் என்று தெரிந்த பிறகும் இரண்டு சோதனை மீதி இருக்கிறது. முதலாவது, கம்பி உறை எர்த்துக்குக் கரண்டைக் கசியவிடுகிறதா என்று காட்டும் மெக்கர். மோட்டார் கம்பிகளை ஸ்டார்ட்டரிலிருந்து முழுசாகக் கழற்றிவிடுங்கள். பேனலில் இருக்கும் மின்னணுக் கருவிகள் மெக்கர் வோல்டேஜைத் தாங்காது. மெக்கரின் ஒரு முனை கம்பியில், மறுமுனை எர்த்தில். 500 வோல்ட் மெக்கரில் புதிதாக இறக்கிய மோட்டாருக்கு, கேபிளோடு சேர்த்து, 2 மெகா ஓமுக்கு மேலே காட்ட வேண்டும். நாள்பட்ட மோட்டார் அரை மெகா ஓம்வரை இறங்கினாலும் ஓடும். அதற்கும் கீழே போனால் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள். சுழியா? தோல் கிழிந்துவிட்டது. பிறகு சாதாரண ஓம் மீட்டரில் மூன்று ஜோடிகளையும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் காயில் முழுசாக இருக்கிறது. எந்த ஜோடியாவது குறைந்தால் காயில் உள்ளுக்குள் ஒட்டியிருக்கிறது. இரண்டு ஜோடிகள் காட்டாமல் ஒன்று மட்டும் காட்டினால், காட்டாத இரண்டுக்கும் பொதுவான கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அநேகமாக மோட்டார் தலைக்கு மேலே இருக்கிற ஜாயின்ட்டில். அப்படியானால் மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பாதீர்கள், ஜாயின்ட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். இப்போது கட்டுங்கள் கப்பியை!

வீட்டு போருக்கு ஒற்றை ஃபேஸ் மோட்டார் வைத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறீர்கள். உங்கள் பேனலுக்குள் உருளையாக இரண்டு கெப்பாசிட்டர் இருக்கும். மோட்டார் உறுமிவிட்டு டிரிப் ஆனால் முதல் சந்தேகம் அவற்றின்மேல்தான். வயிறு உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா பாருங்கள். புதிது வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி, அதே எண்ணில் வாங்குங்கள். கரண்டை நிறுத்தினாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும்; பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். எச்.ஜி. ஃபியூஸ் போயிருப்பதைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அதைப் போடச் சொல்லவில்லை! மேலே ஓடுவது பதினோராயிரம் வோல்ட். மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற பழக்கம் எத்தனை குடும்பத்தில் விளக்கை அணைத்திருக்கிறது! லைன்மேன் வரத் தாமதமானால் பயிர் வாடும், உண்மை. வாடட்டும்.

பேனலைத் திறப்பவர்கள் ஃபியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து ஆட்டோ சுவிட்ச். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டிவிடுகிற அந்த வசதியே உயிருக்கு உலை. கரண்ட் போயிருக்கிறது என்று நம்பி ஒருவர் கையை உள்ளே விட்டிருப்பார். மின்நிலையத்தில் சுவிட்சைப் போடுகிறவருக்கு அது தெரியுமா? கைபேசியில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். தோட்டத்தில் மெக்கானிக் பேனலைத் திறந்து வைத்திருக்கும்போது, சந்தையில் நிற்கிற மகன் போனை எடுத்து அழுத்திவிடுவான்.

கடைசியாக ஒரு வேலை. மோட்டார் நன்றாக ஓடுகிற நாளில், நாளைக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள், பேனல் கதவின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்: மூன்று வோல்டேஜ், மூன்று ஆம்பியர், மெக்கர் காட்டிய எண், மோட்டார் இறக்கிய தேதி, எத்தனை அடி, என்ன கேபிள். “வழக்கத்தைவிடக் கூடுதலா, குறைவா” என்று இவ்வளவு நேரம் கேட்டேனே, அந்த வழக்கம் எது என்று எழுதி வைக்காமல் எப்படித் தெரியும்? நள்ளிரவில் வருகிற புது மெக்கானிக்குக்கு உங்கள் போரைப் பற்றி அந்தக் கதவு சொல்வதை நீங்கள்கூடச் சொல்ல முடியாது.

பக்கத்து அறையில் ஒரு பேனலும் சின்ன மோட்டாரும் வைத்திருக்கிறோம். கம்பியை நகர்த்துகிற சோதனையைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பத்துப் பத்துப் பேராக வாருங்கள். பட்டறைத் தம்பிகள் முதலில் வரட்டும்.